மொறிசா, ஒஸ்ரினா?

பழைய பொருள்களைத் தேடிச் சேர்க்கும் ஆசை மனிதனுக்கு இயல்பானது. நாணயம் சேர்ப்போரும், தபால் முத்திரை சேர்ப்போரும், ஏட்டுச் சுவடி சேர்ப்போரும் எல்லா நாடுகளிலும் உளர். இவர்களுள் மோட்டார்க் கார் சேர்ப்போர் ஒரு தனிக் கூட்டத்தினர். இங்கிலாந்திலே அத்தகைய அன்பர் இருவர் சந்தித்துவிட்டால், 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-ரைப் சிறந்ததா, 1963இல் வெளிவந்த அஸ்ரன் மார்ட்டின் டிபி-5 சிறந்ததா என்ற வழக்குத் தொடங்கிவிடும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரத்தை விரைவாகவும் சுகமாகவும் கடப்பதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் அவை. முன்னையதில் எழுபதினாயிரத்துக்கு மேலும், பின்னையதில் ஆயிரத்துச் சொச்சமும் செய்யப்பட்டன. அழகு, வேகம், அருமை, விலை என்னும் நான்கு படிக்கற்களையும் தராசிலே போட்டு, விடியும்வரை நிறுத்துக்கொண்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இந்த வழக்குக்கு இடமில்லை. நமது வளவுகளில் ஜாகுவாரும் இல்லை. அஸ்ரன் மார்ட்டினும் இல்லை. ஆயினும் நமக்கும் ஒரு வழக்கு உண்டு. திருமண வீட்டுப் பந்தலிலும், கராஜ் வாசலிலும், கோயில் வீதியிலும் அறுபது எழுபது ஆண்டுகளாகத் தீராமல் நடந்துவரும் வழக்கு அது. மொறிஸ் மைனரா, ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றா?

இந்த வழக்கிலே தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய அவசியம் எனக்கு இப்போது நேர்ந்துவிட்டது. சென்ற மாதம் கொழும்பிலிருந்து கனவான் ஒருவர் கோப்பாயிலுள்ள எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கார்க் கொட்டிலில் நிற்கும் சோமசெற்றை விலைக்குக் கேட்டார். அவர் சொன்ன விலை நியாயமானது. ஓய்வூதியத்தில் வாழும் ஓர் உபாத்தியாயனுக்கு அது பெரிய தொகையுங்கூட. ஒரு மாதத் தவணை கேட்டேன். தவணை முடியுமுன் என் எண்ணத்தை எழுதி வைப்பது நல்லதென்று தோன்றியது. இதே கேள்வியைக் கேட்டு இன்னும் பல படலைகளில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

முதலில் இரண்டு கார்களின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியிலே அரங்கேறியது. அதை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1959இல் 'மினி' என்னும் சின்னக் காரை உலகுக்குத் தந்தவரும் அவரே. வேலைகள் முடியுந் தறுவாயில், கார் சற்று ஒடுக்கமாக இருக்கிறதென்று அவர் மனத்திற் பட்டது. மாதிரிக் காரை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகட்டினார். மைனரின் பொனற் நடுவே நீளமாக ஓடும் மேடு அந்தக் கடைசி நேரத் திருத்தத்தின் தழும்பாகும். கம்பனியின் அதிபரான நவ்பீல்ட் பிரபுவுக்கு அந்த உருவம் பிடிக்கவில்லை. உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டையைப் போலிருக்கிறதென்று எள்ளினாராம். அந்த முட்டையே பின்பு 16 இலட்சத்துக்கு மேல் செய்து விற்கப்பட்டது. பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரும் அதற்கே உரியது.

சோமசெற்றுக்கு அத்தகைய நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. லோங்பிறிட்ஜிலுள்ள ஒஸ்ரின் தொழிற்சாலை அதை 1952 முதல் 1954 வரையே செய்தது. தொகையும் ஒன்றே முக்கால் இலட்சத்தைத் தாண்டவில்லை. 1200 சீசீ எஞ்சின். 42 குதிரை வலு. பருத்து உருண்ட உடம்பு. ஸ்ரியறிங் தண்டிலே பொருத்திய கியர். முன்னாலே மூவர் இருக்கக்கூடிய ஒரே நீள ஆசனம். மைனரைப் பார்த்தால் பள்ளிக்குப் போகும் சுறுசுறுப்பான பையன் நினைவுக்கு வருவான். சோமசெற்றைப் பார்த்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் விறாந்தையில் அமர்ந்திருக்கும் பெரியவர் நினைவுக்கு வருவார்.

எங்கள் குடும்பத்திலே இரண்டும் இருந்தன. என் தந்தையார் குருநாகலிலே சுருட்டுக்கடை வைத்திருந்தவர். நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டாகிய 1953இல் சோமசெற்றை வாங்கினார். என் தாய்மாமன் பருத்தித்துறையில் அப்போதிக்கரி. அவர் 1957இல் மைனர் 1000 வாங்கினார். மைத்துனர்கள் இருவரும் சந்திக்கும்போதெல்லாம் கார் வழக்குத் தொடங்கும். மாமா தம் காரின் ஸ்ரியறிங்கைப் புகழ்வார். பெற்றோல் சிக்கனத்தைப் புகழ்வார். தந்தையாரிடம் இதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"மச்சான், உம்முடைய மொறிசின்ர பொனற்றைத் திறந்து பாரும். உள்ளுக்கு ஓடுறது எங்கட ஒஸ்ரின் எஞ்சின்!"

இது வெறுங் கேலியன்று. போட்டியாளராயிருந்த ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒன்றாக இணைந்தன. அதன்பின் மைனரின் பழைய எஞ்சின் கழற்றப்பட்டு, ஒஸ்ரின் தன் சிறிய காருக்கென ஆக்கிய எஞ்சின் அதிலே ஏறியது. மாமாவின் காரிலிருந்த 948 சீசீ எஞ்சின் அதன் வழிவந்ததேயாகும். ஆக, சம்பந்தி வீட்டாரின் சண்டையைப் போல, உள்ளே உறவும் வெளியே வழக்குமாக நடந்த போட்டி இது.

இனி நடுநிலையோடு நிறுத்துப் பார்ப்போம். ஓட்டத்திலே மைனரே மேலானது. ஸ்ரியறிங் நினைத்த இடத்துக்குத் திரும்பும். வல்லை வெளியிலே சோளகம் வீசும் காலத்தில் மாமா ஒரு கையால் மைனரைச் செலுத்துவார். சோமசெற்றிலே தந்தையாருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு கலன் பெற்றோலுக்கு ஏறக்குறைய நாற்பது மைல் மைனர் ஓடும். சோமசெற் முப்பதை எட்டினாலே புண்ணியம். உதிரிப்பாகம் தேடுவோருக்கும் மைனரே அனுகூலமானது. இங்கிலாந்திலே மைனருக்கென்று சங்கங்களும் கடைகளும் இன்றும் இயங்குகின்றன. நமது தென்னிலங்கையிலேயே 1990களின் தொடக்கத்தில் மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சி ஒன்று தொடங்கியது. சோமசெற்றுக்கு ஒரு கதவுப் பிடி வேண்டுமென்றாலும், இன்னொரு சோமசெற் சாகும்வரை காத்திருக்க வேண்டும்.

மைனருக்கும் குறை உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால், ஒருநாள் அது கழன்று, சக்கரம் மடிந்து, கார் முழந்தாளிட்டுவிடும். இரண்டாவது குறை இன்னும் பெரியது. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடம்பே சட்டம், சட்டமே உடம்பு. நமது குடாநாட்டு உப்புக் காற்றிலே அடித்தகட்டில் கறள் ஏறிவிட்டால், முதுகெலும்பிலே நோய் பற்றியது போலாகும். சோமசெற்றோ கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் உடம்பைத் தூக்கி வைத்துச் செய்த கார். உடம்பு எத்தனை பழுதானாலும் சட்டம் தாங்கும். எங்கள் காரின் தளத்தகடு கறளில் உதிர்ந்தபோது, ஊர்த் தச்சர் ஒருவர் பனம்பலகை அறுத்து அதன் இடத்திலே இறுக்கிவிட்டார். இன்றும் அந்தப் பலகையிலேதான் கால் வைத்து ஏறுகிறோம். மைனரிலே இப்படிச் செய்ய முடியாது.

கார் சேர்ப்போரின் வழக்கமான ஒப்பீடு இவ்விடத்தில் முடிந்துவிடும். ஓட்டமும் சிக்கனமும் மைனருக்கு. அருமையும் வலிமையும் சோமசெற்றுக்கு. ஆனால் யாழ்ப்பாணத்துக் காரை இந்தப் படிக்கற்களால் மட்டும் நிறுத்துவிட முடியாது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின் அது எங்கே போயிற்று, என்ன பட்டது என்பதையும் தராசிலே வைக்க வேண்டும்.

தந்தையார் அதிகாலை நான்கு மணிக்குக் கோப்பாயிலிருந்து புறப்பட்டு, ஆனையிறவைத் தாண்டி, வவுனியா, அநுராதபுரம் வழியாக மத்தியானச் சாப்பாட்டுக்குக் குருநாகல் கடைக்குப் போய்ச் சேருவார். நமது நெடும்பயணக் கார் அதுவே. 1958 மே மாதக் கலவரத்தோடு அந்தக் கடை முடிந்தது. சில வாரங்களுக்கு முன் காரை ஊரிலே விட்டுச் சென்றிருந்தபடியால் அது தப்பியது. தந்தையார் அகதிகளோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அதன்பின் சோமசெற் வாடகைக் காராயிற்று. கலியாணப் பெண்ணையும், பிரசவ வேதனைப்பட்டவளையும், நல்லூர்த் தேருக்குப் போன கிழவிகளையும் ஏற்றிச் சென்று எங்கள் ஐவரையும் படிக்க வைத்தது.

மாமாவின் மைனரும் அதே ஆண்டிலே ஒரு வடுப் பெற்றது. 1957 முதல் புதிய வாகனங்களின் இலக்கத் தகட்டிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இடம்பெற வேண்டுமென்று சட்டம் வந்தது. 1958இன் தொடக்கத்திலே தமிழரசுக் கட்சி அதற்கு எதிராக இயக்கம் நடத்தியது. மாமாவின் காரிலும் அந்த எழுத்தின்மேல் தார் பூசித் தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கே போகவேண்டி வந்தபோது மாமா மண்ணெண்ணெய்த் துணியால் தாரைத் துடைத்தார். முழுவதும் போகவில்லை. எழுத்தின் பின்னே நிழல் போல ஒரு கறுப்பு நின்றுவிட்டது. சிறுவனாயிருந்த எனக்கு அரசியலைக் கற்பித்த முதற் புத்தகம் அந்தத் தகடுதான்.

1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டது. பெற்றோல் வடக்கே வருவது தடைப்பட்டது. புதிய கார்கள் கொட்டிலிலே முடங்கின. பழைய பிரித்தானியக் கார்களோ மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இது எவ்வாறு கைகூடியது என்று இளைஞர் கேட்பதுண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; குளிர்ந்த எஞ்சினிலே பற்றாது. ஆதலால் பால்மாப் பேணி ஒன்றிலே சிறங்கையளவு பெற்றோல் வைத்து, அதைக் கொண்டு எஞ்சினைத் தொடக்கிச் சூடேற்றுவோம். சூடேறியதும் பித்தளைத் திருகு ஒன்றைத் திருப்பினால் மண்ணெண்ணெய் பாயும். இந்தக் கார்களின் எஞ்சின்கள் தாழ்ந்த அமுக்கத்தில் வேலை செய்வன. மட்டமான எண்ணெயையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பொறுமை போதாதபோது, காஸ்கற் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமுக்கத்தை இன்னும் குறைப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும்; பிளக்கிலே புகைக்கரி படியும்; பின்னாலே வெண்புகை எழும். அந்தப் புகையின் நாற்றம் அந்த ஆண்டுகளின் நாற்றமாகவே என் நினைவில் நிற்கிறது.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி மாலை வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு வெளியேறியது. என் தாயாரையும், அயலிலிருந்த நடக்கமாட்டாத முதியவர் மூவரையும், ஒரு மூட்டை அரிசியையும் சோமசெற்றிலே ஏற்றினேன். கைதடிப் பாலத்தை நோக்கிச் செல்லும் வீதியிலே ஊர்ந்த சனத்திரளிடையே கார் நடையினும் மெதுவாகவே நகர்ந்தது. எஞ்சின் கொதித்தது. நிறுத்தினால் மீண்டும் தொடக்கப் பேணியிலே பெற்றோல் போதாது. அப்போது முகந்தெரியாத நாலு பேர், தங்கள் மூட்டைகளைப் பொனற்றின்மேல் வைத்துவிட்டு, பின்னாலிருந்து தள்ளினார்கள். விடியும்போது சாவகச்சேரிப் பக்கத்திலே நின்றோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை. பின்கதவிலே ஒரு சன்னம் துளைத்த ஓட்டையோடு கார் இருந்தது. எண்ணெய்த் தகரத்தை வெட்டி அந்த ஓட்டையை ஒட்டினோம்.

மாமா 1998இலே காலமானார். 2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறந்ததும், தெற்கிலிருந்து பழைய கார் தேடுவோர் வரத் தொடங்கினர். அடுத்த ஆண்டு, கனடாவிலிருந்த மாமாவின் பிள்ளைகள் மைனரை விற்றுவிட்டனர். நானே முன்னின்று கையொப்பமிட்டுக் கொடுத்தேன். சில ஆண்டுகளின் பின் கொழும்பிலே பழைய கார்களின் கண்காட்சி ஒன்றிலே அதைக் கண்டேன். இலக்கத்தை வாசித்திராவிட்டால் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். கண்ணாடி போன்ற பூச்சு, புதிய ஆசனம், எஞ்சினிலே ஒரு துளி கரி இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலே இருந்தபடி என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இலக்கத் தகடும் புதியது. தாரின் நிழலைக் காணவில்லை. திருத்தியவர் என்னிடம் மிக மரியாதையாகப் பேசினார். பழைய தகடு எங்கே என்று கேட்டேன். அழுக்காயிருந்தபடியால் எறிந்துவிட்டதாகச் சொன்னார்.

அவர்மீது நான் குறை கூறவில்லை. அவர் வாங்காவிட்டால் மைனர் இரும்புக்காரரின் தராசிலே ஏறியிருக்கும். போர் முடிந்த பின் எத்தனை கார்கள் அவ்வாறு போயின என்பது ஊரறிந்த செய்தி. அவர் ஒரு காரைக் காப்பாற்றினார். ஆனால் எந்தக் காரைக் காப்பாற்றினார்? கௌலி நகரத் தொழிற்சாலையிலே 1957இல் இருந்த காரைத் திரும்பச் செய்தார். பருத்தித்துறையிலே நாற்பது ஆண்டுகள் ஓடிய காரை அழித்துவிட்டார். கௌலிக் கார்கள் உலகிலே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பருத்தித்துறைக் கார் ஒன்றுதான் இருந்தது.

இது ஊர்ப் பற்றினால் எழுந்த பிடிவாதம் என்று சிலர் நினைக்கலாம். கார் சேர்க்கும் மேல்நாட்டாரே இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றனர். அமெரிக்காவிலுள்ள பெபிள் பீச் கண்காட்சியிலே, புதுப்பிக்காமல் உள்ளபடியே பேணிய கார்களுக்கென்று 2001இலே தனிப்பிரிவு வகுத்தார்கள். பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இலே துரின் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இலே வெனிஸ் நகரில் வகுத்த நெறிகளைத் தழுவியது அது. வாகனம் ஓடிய காலத்திலே அதில் நேர்ந்த மாற்றங்களும் அதன் சரித்திரத்தின் பகுதியே என்பது அதன் சாரம். பழைய கோபுரத்துக்கு வாரி வாரிச் சீமெந்து பூசுவதைக் கண்டு வருந்தும் நாம், இந்த நெறியை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் ஒன்றையும் தொடக்கூடாதா என்று எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் தகப்பன் காலந்தொட்டு இந்தக் காரைப் பார்த்து வருபவர்.

"மாஸ்ரர், பிறேக்கைப் புதுசாப் போடவேணும், வயரும் மாத்தவேணும். அது உயிர்ப் பிரச்சினை. கறளை வெட்டி எடுக்காட்டி அது மற்ற இடத்தையும் தின்னும். மண்ணெண்ணெயில இனி ஓடத் தேவையில்லை. ஆனால் அந்தத் திருகு அதில இருந்தால் ஆருக்கு என்ன நட்டம்?" என்றார்.

பட்டயத்தை வாசியாத ஒருவர் அதன் பொருளை இவ்வளவு செப்பமாகச் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்தேன். இதையே விதியாகக் கொள்ளலாம். உயிருக்கு வேண்டியதை மாற்றுக, கறளை நிறுத்துக, மற்றதை விடுக. வேலை தொடங்குமுன் படம் பிடித்து வைக்கவேண்டும். கழற்றிய பாகத்தை எறியாமல் ஒரு பெட்டியிலே இட்டுப் பெயர் எழுதவேண்டும். யார் வாங்கினார், எங்கே ஓடியது, எந்த ஆண்டு எது மாறியது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் காரோடு கொடுக்கவேண்டும். இதற்குப் பெருஞ் செலவில்லை. குடாநாட்டிலே ஒரு காட்சிச்சாலையோ தொழில்நுட்பக் கல்லூரியோ மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஒன்றையேனும் வாங்கி, திருகும் பேணியும் இருந்தபடியே நிறுத்தி வைத்தால், பிள்ளைகள் எஞ்சினையும் சரித்திரத்தையும் ஒரே இடத்தில் படிப்பார்கள்.

இனித் தீர்ப்புக்கு வருகிறேன். ஓட்டி மகிழ்வதற்கு ஒரு கார் வேண்டுபவர் மைனரை வாங்குக. அது சிறந்த கார். என் மாமா சொன்னது சரி. நாற்பது ஆண்டு தாமதமாயினும் அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேணி வைக்க வேண்டியது எது என்று கேட்டால், சோமசெற் என்பேன். அதைச் செய்தவர்கள் மறந்துவிட்டார்கள். உலகிலே அதற்கு ஆதரவு குறைவு. பனம்பலகையையும் தகர ஒட்டையும் தன் உடம்பிலே ஏற்றுக்கொண்டு, இந்த மண்ணின் காராகவே அது மாறிவிட்டது.

கொழும்புக் கனவானுக்கு இன்று கடிதம் எழுதினேன். கார் விலைக்கு உண்டு. என் பிள்ளைகள் வெளிநாட்டிலே இருக்கிறார்கள். எனக்குப் பின் இதைப் பார்ப்பார் இல்லை. கொட்டிலிலே கறளேறிச் சாவதைவிட ஒருவர் கையிலே ஓடுவது மேல். ஆனால் மூன்று பொருளைத் தொடுவதில்லை என்று எழுத்திலே தரவேண்டும்: பித்தளைத் திருகு, பனம்பலகை, பின்கதவின் ஒட்டு. அதற்கு இசைந்தால் அவர் சொன்ன விலையிலே காற்பங்கைக் குறைத்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். இசையாவிட்டால், படலை திறந்தபடி இருக்கும். கார் கொட்டிலிலேயே நிற்கும்.